காலையில் டீ கேட்ட மொழி

"பிரசங்கியாரும் சபையாரும் ஒரே மொழியை அறிந்திருந்தால் பிரசங்கம் அந்த மொழியிலேயே நடைபெற வேண்டும். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது வேறு வழியில்லாதபோது மட்டுமே." நமது திருமண்டலத்தின் வழிபாட்டு விதிகளில் இப்படி ஒன்று இருக்கிறது. அதற்கு அடுத்த விதி, வெளியிலிருந்து வரும் எந்தப் பிரசங்கியாருக்கும் எழுத்து மூலம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்கிறது. அதற்கும் அடுத்தது, மொழிபெயர்ப்பாளர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, சந்தேகம் வந்தால் பிரசங்கியாரையே கேட்டுத் தெளிய வேண்டும் என்கிறது. மூன்றில் கடைசி விதியின் முதல் பாதி மட்டும் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். காரணம் எளிது. உங்கள் மேல் யாராவது புகார் எழுதும்போது எடுத்துக்காட்டும் பாதி அதுதான்.

மேடை மொழிபெயர்ப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கும் நீங்கள், ஆங்கிலப் பிரசங்கத்தின் வரலாற்றையும் அதன் பாணிகளையும் பற்றி நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டீர்கள். என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் திருமண்டல அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்காட்டிலிருந்து இடுக்கி மலை எஸ்டேட்டுகள் வரை, எங்கெல்லாம் ஒருவர் ஆங்கிலத்தில் பிரசங்கிக்கத் துணிந்தாரோ அங்கெல்லாம் அவருக்கு இடது பக்கத்தில் நின்றவன். முதல் வேலையிலிருந்து வயதால் ஓய்வு பெற்றேன். இரண்டாவதிலிருந்து கமிட்டித் தீர்மானத்தால்.

வரலாற்றை முதலில் முடித்துவிடுவோம். அது நீங்கள் நினைப்பதைவிடக் கேவலமானது.

நானூறு வருஷங்களுக்கு முன்பு லண்டனில் பெரிய மனிதர்கள் முன்னால் பிரசங்கித்தவர்கள், ஒரு வசனத்தை எடுத்துக் கோழியைத் துண்டு போடுவதுபோல் சொல் சொல்லாகப் பிரிப்பார்கள். நடுநடுவே லத்தீன், கொஞ்சம் கிரேக்கம். பீடத்தின் பக்கத்தில் மணல் கடிகாரம் இருக்கும். மணல் தீர்ந்ததும் அதைத் திருப்பி வைத்துவிட்டு மேலே போனவர்களும் உண்டு. கேட்டுக்கொண்டிருந்த குதிரை வண்டிக்காரனுக்கு லத்தீன் தெரியுமா என்று யாரும் விசாரிக்கவில்லை. புரியாத மொழியில் பேசினால் மதிப்பு கூடும் என்ற வித்தையை ஆங்கிலேயர் நம்மேல் பிரயோகிப்பதற்கு முன் தங்கள் மேலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு அலுத்துப்போய், எளிமையாகப் பேசுங்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. எளிமையாகப் பேசுவது கஷ்டம் என்று தெரிந்ததும், எழுதி வைத்து வாசிக்க ஆரம்பித்தார்கள். எழுதுவதும் கஷ்டமாக இருந்ததால், அச்சடித்த பிரசங்கத்தை விலைக்கு வாங்கி வாசித்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். மாடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எட்டிப் பார்த்தால் அச்சு எழுத்து தெரிந்துவிடும். அதற்காகவே கையெழுத்து மாதிரித் தோன்றும் எழுத்தில் பிரசங்கங்களை அச்சடித்து விற்றார்கள். இது கதையில்லை. இன்றைக்குப் போனில் பார்த்து அப்படியே ஒப்பிக்கிறவர்களைக் கண்டு நீங்கள் முகம் சுளிக்க வேண்டாம். அவர்களுக்குப் பின்னால் ஒரு பாரம்பரியம் இருக்கிறது.

இந்த வாசிப்புப் பாணி அங்கே செத்த பிறகும் நம் மலையில் உயிரோடு இருந்தது. ஓய்வு பெற்ற முதிய ஆயர் ஒருவருக்கு அறுப்பின் பண்டிகையில் மொழிபெயர்க்க நின்றேன். காகிதத்திலிருந்து தலையைத் தூக்காத மனிதர். அவருடைய ஒரு வாக்கியம் பக்கத்தின் மேலே ஆரம்பித்து, அடியில் முற்றுப்புள்ளி இல்லாமல், பக்கத்தைத் திருப்பியும் ஓடியது. தமிழில் வினை கடைசியில் வர வேண்டும். அவர் வினையை முதலிலேயே செலவழித்துவிட்டு, பின்னால் எதையெதையோ தொங்கவிட்டுக்கொண்டே போனார். கடைசியில் அவர் நிறுத்தியபோது சபை முழுவதும் என் வாயைப் பார்த்தது. "விளைந்ததற்கு நன்றி சொல்லுங்கள்" என்றேன். இவ்வளவுதானா என்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தமிழ் சுருக்கமான மொழி என்று பிறகு சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்து, கோவிலுக்கு வராத ஆட்களைத் தேடி வெளியே போனவர்கள். நிலக்கரிச் சுரங்க வாசலில் நின்று, வேலை முடிந்து மேலே வருபவர்களிடம் அவர்களுக்குப் புரிகிற பேச்சில் பேசினார்கள். கரி அப்பிய கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடு போட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாணியை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். நம் ஊருக்கு அது வந்தபோது சுரங்கத்தையும் ஆட்களையும் விட்டுவிட்டு, சத்தத்தை மட்டும் எடுத்து வந்தார்கள்.

அதன் பிறகு பெரிய மண்டபங்கள். பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுத்து வாரா வாரம் அச்சடித்து விற்றார்கள். எந்தப் பிரசங்கத்துக்கும் மூன்று தலைப்பு, மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்ற மூடநம்பிக்கையும் ஊன்றிக்கொண்டது. அது இன்றுவரை தீரவில்லை. ஆங்கிலத்தில் கை கோத்துக்கொண்டு வரும் அந்த மூன்று சொற்களும் தமிழுக்கு வந்ததும் பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகளைப்போல ஆளுக்கொரு பக்கம் போய்விடும். பிரசங்கியார் சபையின் கைதட்டலுக்குக் காத்திருப்பார். சபை இரண்டாவது தலைப்புக்குக் காத்திருக்கும். நடுவில் நிற்பவன் நீங்கள்.

ஒலிவாங்கி வந்ததும் கத்த வேண்டிய தேவை போயிற்று. காதோடு பேசுவதுபோலப் பேசினார்கள். தொலைக்காட்சி வந்ததும் அழுதார்கள். இப்போது கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார்கள். பின்னால் திரை, பேச்சுக்கு அடியில் கீபோர்டு. மொழிபெயர்ப்பாளனும் கூடவே நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் நடந்ததில்லை. விதியில் இல்லை.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை பாணி மாற்றங்களில் உருப்படியானவை எல்லாவற்றுக்கும் காரணம், முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் புரிய வேண்டும் என்று அங்கே யாரோ ஒருவர் எரிச்சல்பட்டதுதான். அந்த எரிச்சலின் பலன்களை நாம் இறக்குமதி செய்தோம். ஆங்கிலத்திலேயே.

இனி என்னை வெளியேற்றிய கூட்டத்துக்கு வருகிறேன். பாணிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த மிச்சமெல்லாம் அதில் அடக்கம்.

மறையூர் தாண்டி, காந்தலூருக்குப் பிரியும் சாலையையும் விட்டு மேலே ஏறினால் வரும் தேயிலை எஸ்டேட் ஒன்றில் நமக்கு ஒரு சபை இருக்கிறது. அங்கே தவக்காலத்தில் ஒரு வழக்கம். உபவாசக் கூட்டத்தன்று பலிபீடத்துக்குக் கீழே கொழுந்துக் கூடை ஒன்றை வைத்துவிடுவார்கள். யார் எதை விடப் போகிறார்களோ அதைக் கொண்டுவந்து எல்லோரும் பார்க்கக் கூடையில் போட வேண்டும். பீடிக்கட்டு, புகையிலை, பாக்கு பாக்கெட், ஒருமுறை ஒரு சீட்டுக்கட்டு. விழுந்த பொருளை யாரும் திரும்ப எடுப்பதில்லை. எடுப்பவனைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வருஷம் முழுவதும் ஓட்டுவார்கள். பீடியைத் திரும்ப எடுக்க மனம் இருந்தாலும் மானம் விடாது. நல்ல வழக்கம்தான். கூடைக்கு எது போகலாம் எது போகக்கூடாது என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த வருஷம் சபையின் இளம் ஆயருக்கு ஒரு ஆசை. பிள்ளைகள் எல்லாம் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறார்கள், ஆங்கிலச் செய்தி இருந்தால்தான் வாலிபர்கள் வருவார்கள் என்று, பொள்ளாச்சி எல்லையோரக் கோபாலபுரம் பக்கத்துக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டார். வரவேற்பு பேனரில் 'சர்வதேச ஊழியர்' என்று போட்டிருந்தது. அவருடைய வீடு கேரளத்தில், தென்னந்தோப்பு தமிழ்நாட்டில். சர்வதேசத்துக்கு எனக்குத் தெரிந்த ஆதாரம் அது ஒன்றுதான்.

முன் அனுமதி விண்ணப்பத்தை நிரப்பித் தரும்படி ஆயர் என்னிடம் கேட்டார். நிரப்பினேன். பிரசங்க மொழி: ஆங்கிலம். பிரசங்கியாரின் தாய்மொழி: தமிழ். சபையின் மொழி: தமிழ். மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் யாருக்காவது உறைக்கும் என்று நம்பினேன். பதில் வரவில்லை. "பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்கலாம் சார்" என்றார் ஆயர். அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கும் ஒரு விதி உண்டு. அதைச் சொன்னேன். பேனர் ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றார்.

பிரசங்கியார் விடிகாலையில் காரில் பாலக்காடு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் இந்தப் பக்கத்துக் காவலரிடம் மலையாளம், அந்தப் பக்கத்துக் காவலரிடம் தமிழ். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். அருமையான பேச்சு. தேங்காய்க்கு வரும் நோயையும் தோப்புக்குள் வரும் மயிலையும் பற்றி அவர் சொன்னதை அப்படியே மேடையில் சொல்லியிருந்தால் சபை சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருக்கும். இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுகிறவர் ஏன் ஆங்கிலத்தில் பிரசங்கிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சங்கடப்படவே இல்லை.

"அதென்னங்க சார், தமிழ்ல சொன்னா பக்கத்தூட்டுக்காரன் பேசறாப்பல இருக்குதுங்க. ஏன், எதுக்குன்னு திருப்பிக் கேப்பாங்க. இங்கிலீசுல சொன்னா எந்திரிச்சு நின்னு கேட்டுக்குவாங்க."

நான் சொன்ன நானூறு வருஷ வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொன்னதில்லை.

எஸ்டேட்டில் இறங்கியதும் அவர் முதலில் கேட்டது டீ. உபவாசக் கூட்டத்துக்கு வந்த மனிதர். மாதர் சங்கத்துப் பெண்கள் பந்தலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு மட்டும் அடுப்பு மூட்டியிருந்தார்கள். அங்கே எஸ்தர் நின்றிருந்தாள். "ஏனுங் அம்மிணி, சக்கரை கம்மியா ஒரு டீ கெடைக்குங்களா? மாத்திரை போடோணுமுங்க" என்றார். எஸ்தர் போட்டுக் கொடுத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி விழுங்கிவிட்டு, அட்டையைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். சர்க்கரை நோய்க்காரர் மாத்திரை போடுவதில் தப்பொன்றும் இல்லை.

எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை. புருஷன் இல்லை, படிக்கிற மகள் ஒருத்தி. எஸ்தருக்கு வலிப்பு உண்டு. முந்தைய வருஷம், உடம்பு சரியாகிவிட்டது என்று தானாகவே மாத்திரையை நிறுத்தி, அடுப்படியில் விழுந்து, இடது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. அப்போது பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் வந்துகொண்டிருந்த நரம்பு மருத்துவர் வடக்கத்திக்காரர். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ஆயர் போன் செய்து கேட்டதால் நான் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்: "ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் நிறுத்தக் கூடாது. மறுபடியும் விழுந்தால் கையோடு போகாது." அவள் என் முகத்தைப் பார்த்து, "சார், இத அவரு சொன்னாரா, நீங்க சொல்லுதீகளா?" என்று கேட்டாள். அவர் சொன்னதுதான், கூட்டவில்லை, குறைக்கவில்லை என்றேன். அதன்பிறகு அவள் நிறுத்தவில்லை. தொழிற்சாலையிலும், இன்னொரு தடவை விழுந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.

கூட்டம் ஆரம்பித்தது. காரில் மயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்த மனிதரை மேடையில் காணோம். எந்த நாட்டிலும் யாரும் பேசாத ஆங்கிலம். மூன்று தலைப்பு, ஒரே எழுத்து. அழுகை, ஓட்டம், திடீர் மௌனம், மறுபடி ஓட்டம். நானூறு வருஷத்துப் பாணிகள் எல்லாவற்றிலும் மோசமானதை ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்திருந்தார். நான் என் வேலையைச் செய்தேன். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கூடையில் போட்டார்கள். பீடி விழுந்தது, புகையிலை விழுந்தது. கூடை நிறைய நிறைய அவருக்குச் சூடேறியது. கீபோர்டு வாசித்த வாலிபனும் சுருதியை ஏற்றினான்.

அப்போதுதான் சொன்னார். பீடியைப் போட்டது போதாது, மாத்திரையைப் போடுங்கள். பையில் மருந்தை வைத்துக்கொண்டிருப்பவர் நெஞ்சில் சந்தேகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். இன்று இந்தக் கூடையில் விழும் மாத்திரையை உங்கள் உடம்பு இனிக் கேட்காது.

சொல்லிவிட்டு, வழக்கம்போல என் பக்கம் கையை நீட்டினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வரிசையில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். "ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது" என்று அவளுக்குச் சொன்ன வாய் இதுதான். இப்போது நான் இதை மொழிபெயர்த்தால் கூட்டாமல் குறைக்காமல்தான் செய்வேன். அவளும் அப்படித்தான் நம்புவாள். கூடையில் போட்டதைத் திரும்ப எடுக்கவும் மாட்டாள். விட்டுவிட்டு வேறு எதையாவது சொன்னால், முன் வரிசையில் ஆங்கிலம் தெரிந்த வாலிபர்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள். நான் புரட்டுவது அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் நான் சொல்லும் எதையும் அந்தச் சபை நம்பாது. மருத்துவர் சொன்னதாக நான் சொன்னதையும் சேர்த்து.

நான் காது கேளாமல் நிற்கிறேன் என்று நினைத்து, அவர் அதையே இன்னும் சத்தமாக ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "ஏனுங்க சார், என்னாச்சுங்க? சொல்லுங்க. சனம் உருகி நிக்குதுங்க."

சந்தேகம் வந்தால் பிரசங்கியாரையே கேட்டுத் தெளிய வேண்டும். விதியின் இரண்டாம் பாதி. நான் என் ஒலிவாங்கியில் சபைக்குச் சொன்னேன்: "இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அடுத்த வார்த்தையைப் பிரசங்கியார் ஐயா அவருடைய தமிழிலேயே சொல்வார்." சொல்லிவிட்டு ஒலிவாங்கியைத் தாங்கியில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றேன்.

கீபோர்டு நின்றது. அவர் சிரித்தார். ஏதாவது வேடிக்கை என்று சபை நினைக்க வேண்டும் என்பதற்கான சிரிப்பு. மறுபடி ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அதற்குள் எஸ்தர் எழுந்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எஸ்டேட்டில் டேப்ளட் என்ற சொல் தெரியாத ஆள் கிடையாது, அவர் விரல் கூடையைக் காட்டியதும் தெரிந்தது. பர்ஸிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு நேரே கூடைக்கு முன்னால் வந்து நின்றாள். வெந்த கை வெளியே தெரிந்தது.

"பாஸ்டரய்யா, இது வலிப்புக்குள்ள மாத்திரை. இதையும் போடணுமா?"

"சிஸ்டர்..." என்று தொடங்கி, விசுவாசத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லி, கையை என் பக்கம் நீட்டினார். நான் அசையவில்லை.

"அந்த சார் சொல்லமாட்டாகளாம். நீங்களே சொல்லுங்கய்யா. ஒங்களுக்குத் தமிழ் தெரியும்லா. காலைல சக்கரை கம்மியா டீ கேட்டீகள்லா, அந்தப் பேச்சுல சொல்லுங்க. நீங்க போடுன்னா போட்டுருதேன். நாளைக்கு நான் மிஷின் பக்கத்துல விழுந்தா யாரு வந்து தூக்குவா, அதையும் சேத்துச் சொல்லிருங்க."

அவள் சண்டைக்கு நிற்கவில்லை. அதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். போடு என்று அவர் சொல்லியிருந்தால் போட்டிருப்பாள். தூக்கப் போவது யார் என்ற கேள்விக்கும் உண்மையாகவே பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டாள். மகளுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடமா, வீட்டில் யார் இருப்பார்கள் என்று கணக்குப் போடுகிற முகம்.

பிரசங்கியாரின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கே அவருடைய அட்டை இருந்தது. மேடையில் நின்ற என்னையும், டீ கொடுத்த அவளையும் தவிர மற்ற யாருக்கும் அது என்ன என்று தெரியாது. ஆங்கிலத்தில் அவ்வளவு சுலபமாக வந்த வாக்கியம் தமிழில் வாய்க்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. கடைசியில் வந்தது கோபாலபுரத்துத் தமிழ், ரொம்பத் தணிந்த குரலில்.

"அது வந்துங்க அம்மிணி... டாக்டரக் கேட்டுக்குங்க. நீங்களா நிறுத்தாதீங்க."

கன்னத்து மைக் அதையும் சபை முழுவதற்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. எஸ்தர் அட்டையைப் பர்ஸில் போட்டுக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பின்னால் ஒரு கிழவர் யாரிடமோ, "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லாடே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அன்று அந்த மேடையிலிருந்து வந்த ஒரே நல்ல பிரசங்கம் அந்த இரண்டு வாக்கியம்தான். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

அவர் பிறகு ஆங்கிலத்துக்கே திரும்பினார். நானும் ஒலிவாங்கியை எடுத்து மொழிபெயர்த்து முடித்தேன். திரும்பும்போது காரில் இடமில்லை என்று சொன்னார்கள். வரும்போது நாங்கள் இருவர்தான். உடுமலைக்குப் பஸ் பிடித்தேன். பிற்பாடு அவர்கள் வெளியிட்ட வீடியோவில் நான் எங்குமே இல்லை. மாத்திரையும் இல்லை. பீடி மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது.

அடுத்த கமிட்டியில் என்மேல் இரண்டு குற்றச்சாட்டுகள். மொழிபெயர்ப்பாளர் ஒரு பகுதியை விட்டுவிட்டார் என்பது ஒன்று. ஆவியானவரின் ஓட்டத்தைத் தடைசெய்தார் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விதிகளில் எண் கிடையாது என்பதைச் சுட்டிக்காட்டினேன். முதலாவதற்கு, விதியின் இரண்டாம் பாதியை வாசித்துக் காட்டினேன். முன் அனுமதி விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கூட்டம் நடந்ததே, அதற்கு யார் பொறுப்பு என்றும் கேட்டேன். அனுமதி விஷயம் மேலிடத்தில் இருப்பதால் அதை இங்கே பேசக்கூடாது என்றார்கள். என்னைப் பற்றி மட்டும் பேசினார்கள். மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடும் தீர்மானம் நிறைவேறியது. எஸ்டேட் ஆயர் எதிர்ப்பும் சொல்லவில்லை, ஆதரவும் சொல்லவில்லை. அவர் முன்னுக்கு வருவார்.

இனி நீங்கள் அந்த மேடையில் ஏறப் போகிறீர்கள். பாணி எப்படி மாறினாலும் பிரசங்கியார் உங்கள் பக்கம் கையை நீட்டுவார். அந்தக் கை நீட்டலின் அர்த்தம், இதோ என் பொறுப்பு, இதைப் பிடித்துக்கொள் என்பதுதான். பெரும்பாலும் அது கனமே இல்லாத பொருள். வாங்கிச் சபைக்குக் கொடுத்துவிடலாம். கனமான ஒன்று வந்தால் திருப்பிக் கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிரசங்கியாருக்குத் தெரிந்த மொழியிலேயே கொடுங்கள். பட்டியலிலிருந்து பெயரை எடுப்பார்கள். எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கலாம், மோசமில்லை.

போன வருஷம் எஸ்தர் மகளோடு பாலக்காடு வந்திருந்தாள். மருத்துவமனையில் மறுபரிசோதனை. இடையில் ஒரு தடவையும் விழவில்லை, வேலையும் போகவில்லை, மாத்திரையின் அளவை மருத்துவர் பாதியாகக் குறைத்துவிட்டார். மருத்துவர் மாறிவிட்டார். இவருக்குத் தமிழ் தெரியும். அதனால் நான் தேவைப்படவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் ஒலவக்கோட்டில் என் வீட்டுக்கு வந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போது தபால்காரர் திருமண்டல அலுவலகத்தின் உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த உபவாசக் கூட்டத்துக்கான முன் அனுமதி விண்ணப்பத்துக்குப் பதில். மூலம் ஆயருக்கு, நகல் எனக்கு. மலையாளத்தில் இருந்தது. எஸ்தருக்கு மலையாளம் பேச்சு வரும், எழுத்து வராது. என்னவென்று கேட்டாள். பழக்க தோஷம், வரி வரியாகத் தமிழில் சொன்னேன், கூட்டாமல், குறைக்காமல். விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. பிரசங்கியாரின் தாய்மொழியும் சபையின் மொழியும் தமிழே என்று தெரியவருகிறது. எனவே விதிப்படி ஆங்கிலப் பிரசங்கத்துக்கோ மொழிபெயர்ப்பாளருக்கோ தேவை இல்லை. அனுமதி மறுக்கப்படுகிறது.

"எந்தக் கூட்டத்துக்கு சார்?"

"நீ மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு நின்ன கூட்டத்துக்கு."

"அப்ப அது நடக்கலன்னு வச்சுக்கிடணுமா?"

அதற்கு விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. உறையை ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். எதிர் வீட்டு வாசலில் பிள்ளைகள், ஓணத்தின் பத்து நாளில் முதல் நாளான அத்தத்துக்குப் பூக்களம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அலுவலகப் பழக்கத்தில் பேனாவை எடுத்து உறையின் மூலையில் வரவுக் குறிப்பு எழுதினேன்: கூட்டம், சென்ற வருஷம் தவக்காலம். பதில் கிடைத்தது, இந்த வருஷம் ஆவணி, அத்தம்.